பேர் வெட்டிய குண்டான்

சிந்துஜாவுக்குப் பிரிசில்லாவைக் கண்டால் வயிறு எரியும். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. நெஞ்சுக்குழிக்குச் சற்றுக் கீழே, கை வைத்துக் காட்டுகிற இடத்தில், நிஜமாகவே எரியும். மாத்திரை போட்டுப் பார்த்தாள், மோர் குடித்துப் பார்த்தாள். மாத்திரைக்கும் மோருக்கும் அடங்குகிற எரிச்சலா அது?

இரண்டு பேரும் கடலூரில் ஒரே கல்லூரியில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து விலங்கியல் படித்தவர்கள். சிந்துஜா தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். பிரிசில்லா மேல்பட்டாம்பாக்கத்து வாத்தியார் மகள். மூன்று வருடமும் வகுப்பில் முதல் மார்க் சிந்துஜா, இரண்டாவது பிரிசில்லா. ரெக்கார்டு நோட்டில் இறாலின் வெட்டுத் தோற்றத்தை சிந்துஜா ஒரு தடவை வரைந்தால் போதும், அழிரப்பருக்கு வேலை இருக்காது. பிரிசில்லா அதை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்து வரைவாள். அப்படி வரைந்தவள்தான் மேலே படித்து, டாக்டர் பட்டம் வாங்கி, வெளிநாடு போய் நான்கு வருடம் இருந்துவிட்டு வந்தாள். பார்க்காமல் வரைந்தவளுக்கு இருபத்தோரு வயதில் கல்யாணம் ஆயிற்று.

கல்யாணத்துக்குப் பிறகு சிந்துஜா சும்மா இருந்துவிடவில்லை. சிதம்பரத்திலிருந்து கீரப்பாளையம் போகிற ரோட்டில் இறால் நோய்களை ஆராயும் ஒரு ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே டெக்னீஷியனாகச் சேர்ந்தாள். தினமும் காலை பாசஞ்சர் ரயிலில் சிதம்பரம், சாயங்காலம் அதே ரயிலில் கடலூர். புருஷன் ஜெயப்பிரகாஷ் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறான், நல்ல மனுஷன். வாழ்க்கையில் குறை என்று சொல்ல ஒன்றுமில்லாமல்தான் பதினொரு வருடம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்த ஆய்வுக்கூடத்துக்கே விஞ்ஞானியாக வந்து சேர்ந்தாள் பிரிசில்லா. ஊரில் வேறு இடமா இல்லை?

"ஏய் சிந்து! நீ இங்கயா இருக்க?" என்று ஓடி வந்து கட்டிக்கொண்டாள் முதல் நாளே.

"ஆமா மேடம்" என்றாள் சிந்துஜா.

"மேடமா? செருப்பு பிஞ்சிடும். பேரச் சொல்லுடி."

சொல்லவில்லை. இன்றைக்கு மூன்று வருடமாகிறது, மேடம்தான். அந்த 'மேடம்' ஒவ்வொரு தடவையும் பிரிசில்லாவுக்குக் கொஞ்சம் வலிக்கிறது என்று சிந்துஜாவுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். பிரிசில்லா கடலூரிலிருந்து தன் காரில் வருகிறாள். "வழிதானே, கூட வாயேன்" என்று எத்தனையோ முறை கூப்பிட்டாள். "ரயில் பாஸ் எடுத்துட்டேன் மேடம்" என்று பதில். பாஸ் முடிந்த மாதத்திலும் அதே பதில்தான்.

வீட்டில் அம்மா பட்டம்மாள் வேறு, மீன் கூடையை இறக்கி வைத்த கையோடு ஆரம்பிப்பாள். "அந்த வாத்தியாரு பொண்ணு காருல போவுதே, பாத்தேன். நீதானடி அதவிட நல்லா படிச்ச?" ஒருத்தி எரிந்துகொண்டிருக்கும்போது இப்படியா மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள்?

பிரிசில்லா அங்கே செய்துகொண்டிருந்த வேலை இதுதான். இறாலைத் தாக்கும் வைரஸ் ஒன்று. அது இறாலின் செல்லுக்குள் புகுந்ததும் முதலில் செய்வது, தனக்கு மேலோடு செய்யும் புரதத்தை அந்தச் செல்லையே செய்ய வைப்பது. எல்லாம் ஒரே மாதிரித் துண்டுகள். அப்படி நூற்றெண்பது துண்டுகள் சேர்ந்ததும் யாரும் சொல்லாமல், யாரும் தள்ளாமல், தாங்களாகவே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உருண்டையாகிவிடும். மூடிக்கொள்ளும்போதே வைரஸின் மரபுப் பொருளை உள்ளே வைத்துக் கட்டிவிடும். ஒரு செல்லில் இப்படி ஆயிரக்கணக்கில் உருண்டைகள் தயாராகி, செல்லை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அப்புறம் அந்தக் குளத்தில் இறால் எங்கே பிழைக்கிறது?

இந்தப் பொட்டலம் கட்டும் வித்தையை வைரஸிடமிருந்தே பறித்து இறாலுக்குச் சாதகமாக்க முடியுமா என்பதுதான் பிரிசில்லாவின் ஆராய்ச்சி. மேலோட்டுப் புரதத்தை மட்டும் பாக்டீரியாவில் செய்துகொள்வது. வைரஸின் மரபுப் பொருள் இல்லாததால் அது வெறும் ஓடு, நோய் வராது. அந்த உருண்டையிலிருந்து கால்சியத்தை எடுத்துவிட்டால் துண்டு துண்டாகப் பிரிந்துவிடும். பிரிந்த துண்டுகளோடு மருந்தைக் கலந்து, மறுபடியும் கால்சியம் கொடுத்தால், துண்டுகள் மருந்தை உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். தீவனத்தில் கலந்து போட்டால், வைரஸ் போகிற அதே வழியில் மருந்து போய்ச் சேரும். திட்ட அறிக்கையைப் படித்தபோது சிந்துஜாவுக்கே ஒரு கணம் மெய்சிலிர்த்தது. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று அடுத்த கணமே வயிறு எரிந்தது.

உருண்டை சேர்ந்ததா இல்லையா என்று பார்ப்பது சிந்துஜாவின் வேலை. கண்ணாடி போன்ற குழாயில் சர்க்கரைக் கரைசலை அடியில் கெட்டியாகவும் மேலே நீர்க்கவும் அடுக்கடுக்காக ஊற்றி, அதன் தலையில் புரதத்தை விட்டு, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் மூன்று மணி நேரம் சுற்ற வேண்டும். உருண்டைகள் சேர்ந்திருந்தால் குழாயின் நடுவில் நீலம் பாரித்த ஒரு வெள்ளை வளையம் தெரியும். சேரவில்லையென்றால் ஒன்றும் தெரியாது.

மூன்று தடவை செய்தார்கள், மூன்று தடவையும் வளையம் வந்தது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் எடுக்க வெளியூர் அனுப்பினார்கள். படம் வந்தது பாருங்கள், அடேயப்பா! அத்தனையும் உருண்டை உருண்டையாக, ஒன்றுக்கொன்று அளவு பிசகாமல். இயக்குநர் சக்கரபாணி அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். கீழே 'டாக்டர் பிரிசில்லா' என்று பெயர். ஆய்வுக் கட்டுரை எழுதி அனுப்பியதிலும் பிரிசில்லா பெயர், சக்கரபாணி பெயர். கடைசியில், உதவியவர்களுக்கு நன்றி என்ற இடத்தில் சிந்துஜா. குழாய் அடுக்கியவள், சுற்றியவள், வளையத்தை ஊசியால் உறிஞ்சி எடுத்தவள், நன்றியில்.

ஆனால் அந்த ஆய்வுக்கூடத்தில் சிந்துஜாவின் பெயர் பதிந்த பொருள் ஒன்று இருந்தது. ஒரு எவர்சில்வர் குண்டான். அவள் கல்யாணச் சீர். விளிம்பில் 'தே.சி. சிந்துஜா' என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும். 'தானே' புயலில் ஆய்வுக்கூடத்தின் பெரிய கண்ணாடிப் பாத்திரங்கள் உடைந்தபோது, ஒரு அவசரத்துக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்தது. திரும்பிப் போகவேயில்லை. வருடக்கணக்கில் அதில் போர் தண்ணீர் காய்ச்சினார்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீர்தான் தெரியுமே, காயக் காய உப்பு படியும். குண்டானின் உட்புறம் பூராவும் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை. பிரிந்த துண்டுகளை மெல்லிய பையில் கட்டி, கால்சியம் கலந்த கரைசலில் ராத்திரி முழுக்க ஊறப் போடுவார்கள். அத்தனை லிட்டர் கரைசல் பிடிக்கும் பாத்திரம் அங்கே அது ஒன்றுதான்.

அந்த ஆகஸ்டில், திட்டத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்ய டெல்லியிலிருந்து நிபுணர் குழு வருவதாகக் கடிதம் வந்தது. தேதி இருபத்து மூன்று. அவர்கள் கண்ணெதிரே வளையத்தைக் காட்ட வேண்டும். பிரிசில்லா கூடம் முழுவதும் ஒரு சுற்று வந்தாள். குண்டானுக்கு முன்னால் நின்றாள்.

"சிந்து, இதக் கொஞ்சம் தேய்ச்சிடேன். உள்ள பாரு, எப்புடி இருக்குன்னு. அவுங்க பாத்தா அசிங்கமா நெனைப்பாங்க."

அசிங்கமா? என் சீர்க் குண்டானா? மறுநாள் சிந்துஜா வீட்டிலிருந்து ஒரு உருண்டை புளி கொண்டுவந்தாள். ஆத்திரம் மொத்தத்தையும் கையில் இறக்கித் தேய்த்தாள். வெள்ளைப் படிவு நுரைத்துக்கொண்டு கரைந்து வந்தது. எலுமிச்சம்பழம் போட்டு இன்னொரு தரம். கடைசியில் குண்டான் கடையில் வாங்கின அன்றைக்கு இருந்ததுபோல் ஆயிற்று, உள்ளே முகம் தெரிந்தது. அது ஆகஸ்ட் பத்து.

பதினோராம் தேதி வளையம் வரவில்லை.

"எங்கயோ தப்பு பண்ணிட்டேன் போலருக்கு" என்று பிரிசில்லா குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிந்துஜா அப்போது வெறுமனே பக்கத்தில் நின்றாள். அன்று சாயங்காலம் ரயில் புதுச்சத்திரத்தில் எதிர்வண்டிக்காக நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. பாத்திரத்தில் நுரைத்துக்கொண்டு போனது என்ன? கால்சியம். கரைசல் லேசான புளிப்பு. ராத்திரி முழுக்க அது அந்தப் படிவை அரித்து அரித்துக் கால்சியத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருக்கிறது. பிரிசில்லா அளந்து போட்டது போதவே இல்லை. மீதியை இத்தனை நாளாகக் கொடுத்துக்கொண்டிருந்தது குண்டான். கட்டுரையில் போட்டிருக்கும் கணக்கே தப்பு!

சிந்துஜா தனியாகச் சிரித்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒரு மாதிரிப் பார்த்தாள்.

பன்னிரண்டாம் தேதி மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, மிச்சமிருந்த துண்டுகளில் கொஞ்சம் எடுத்துத் தனியாகச் செய்தாள். சின்னப் பை, சின்னப் பாத்திரம், கால்சியம் மூன்று மடங்கு. கொஞ்சம்தானே, நாலு மணிக்குள் ஊறிவிட்டது. சுற்றி எடுக்க ஏழாயிற்று, ரயிலை விட்டுவிட்டு பஸ்ஸில் போனாள். ஆனால் வளையம்! குழாயின் நடுவில், நீலம் பாரித்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல ஒரு வளையம். அது யாருடையதும் இல்லை, அவளுடையது. அதை உறிஞ்சிச் சின்னக் குப்பியில் விட்டு, வழக்கம்போல மார்க்கர் பேனாவால் எழுதினாள்: உருண்டை, கால்சியம் மூன்று மடங்கு, 12 ஆகஸ்ட், சிந்துஜா. குளிர்பெட்டியின் அடித்தட்டில் பழைய குப்பிகளுக்குப் பின்னால் வைத்தாள்.

மறுநாள் காலையில் பிரிசில்லாவிடம் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தாள். நாளை என்பது நாளை மறுநாள் ஆயிற்று.

உண்மையைச் சொல்லப்போனால் அவளுக்கு அந்த நாட்கள் இனித்தன. பிரிசில்லா பாக்டீரியாவை மாற்றினாள், சூட்டை மாற்றினாள், மருந்தை மாற்றினாள். மூன்று முறை பலித்த கணக்கு என்பதால் கால்சியத்தில் மட்டும் கை வைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வளையம் இல்லாத குழாயை சிந்துஜாதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். "இல்லீங்க மேடம்." அந்த மூன்று வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவள் மேடம் சொன்னதில்லை. வயிற்றெரிச்சல் கூட நின்றிருந்தது. ஆனால் ராத்திரி சாப்பாடு மட்டும் ஏனோ தொண்டையில் நின்று நின்று இறங்கியது. "இன்னாடி, பாதிச் சோறு அப்புடியே கெடக்குது?" என்று ஜெயப்பிரகாஷ் இரண்டு தடவை கேட்டுவிட்டான்.

இருபதாம் தேதி சக்கரபாணி பிரிசில்லாவைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். கதவு பாதி திறந்திருந்தது. சிந்துஜா தட்டில் குழாய்களோடு வெளியே நின்றாள்.

"பாத்திரம் ஒழுங்கா கழுவுறாங்களா மொதல்ல? சோப்பு ஒட்டியிருந்தா புரோட்டீன் கெட்டுப்போவும். அந்தம்மாவக் கூப்புடுங்க, நான் கேக்குறேன்."

"வேணாம் சார். சிந்துஜா கழுவுனா அதுல ஒரு சொட்டுக் குறை இருக்காது. காலேஜ்லேர்ந்து எனக்குத் தெரியும். தப்பு என்னோடதுதான்."

அவள் எனக்காகப் பேசுகிறாளே என்று சிந்துஜா இளகிவிட்டாள் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. இவள் யார் எனக்கு நற்சாட்சி கொடுக்க என்றுதான் வந்தது. நின்றிருந்த எரிச்சல் மறுபடியும் மேலேறியது. கழுவியதுதான் குற்றம் என்று தெரியாமல் கழுவியதைப் புகழ்கிறாளே, இவளெல்லாம் ஒரு டாக்டர்! ஆனால் அன்று ரயிலில் அவளால் ஜன்னல் பக்கம் கூடத் திரும்ப முடியவில்லை. கண்ணாடியில் தெரிகிற முகம் அவளுக்கே பிடிக்கவில்லை.

மறுநாள், இருபத்தொன்று. காலையில் சிந்துஜா உள்ளே நுழைந்தபோது கழுவுமிடத்தில் சரசரவென்று சத்தம். எட்டிப் பார்த்தாள். டாக்டர் பிரிசில்லா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நாரும் புளியுமாகக் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒருவேளை சோப்பு ஒட்டியிருந்தால் சிந்துஜாவிடம் சொல்லாமல், அவள் வருவதற்குள் தானே எடுத்துவிடலாம் என்று பார்த்திருக்கிறாள். ராத்திரி முழுக்க அழுத முகம். நாரைப் போட்டு இழுத்த இழுப்பில் 'சிந்துஜா' என்ற எழுத்தின் மேலேயே கீறல் விழுந்தது.

அது போதும் சிந்துஜாவுக்கு. நியாயமோ தர்மமோ அவள் வாயைத் திறக்க வைக்கவில்லை. தன் பேர் மேல் பிரிசில்லாவின் நார் ஓடியதுதான் திறக்க வைத்தது.

"என் குண்டான வைடி கீழ!"

கூடமே அதிர்ந்தது. பிரிசில்லா அண்ணாந்து பார்த்தாள். மூன்று வருடத்தில் முதல் 'டி'.

"எத்தினி தடவ தேய்ச்சாலும் வராது. தேய்ச்சதாலதான் வரல! உள்ள இருந்த உப்புதான் உன் உருண்டையெல்லாம் சேத்து வச்சுது. உன் கணக்குல கால்சியம் பத்தாது. மூணு மடங்கு போடணும், மூணு மடங்கு!"

சொல்லிக்கொண்டே போய்க் குளிர்பெட்டியைத் திறந்து, பழைய குப்பிகளைத் தள்ளிவிட்டு, தன் குப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். "இந்தா. சேந்திருக்கு. நான்தான் பண்ணேன்."

பிரிசில்லா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குப்பியை வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்தாள். முகம் மலர்ந்தது. அப்புறம் குப்பியைத் திருப்பினாள். அவள் பார்வை ஒரே இடத்தில் நின்றதைப் பார்த்த பிறகுதான், தான் செய்த காரியம் சிந்துஜாவுக்கு விளங்கியது. 12 ஆகஸ்ட். தன் கையெழுத்து. அழகான, அழித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. ஒன்பது நாள்.

பிரிசில்லா மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சத்தம் இங்க?" சக்கரபாணி வாசலில் நின்றார். "என்ன அது கையில?"

"கெடைச்சிடுச்சு சார். சிந்துஜா கண்டுபுடிச்சிட்டா. கால்சியம் பத்தல."

"அப்புடியா! குடுங்க, பாப்போம்."

அவர் கை நீண்டது. பிரிசில்லா மேஜையிலிருந்து ஸ்பிரிட் பஞ்சை எடுத்தாள். "ஒரு நிமிஷம் சார், குளிர்ல வேர்த்துப் போயிருக்கு" என்று சொல்லிக் குப்பியைச் சுற்றி ஒரு துடை துடைத்தாள். ஸ்பிரிட்டுக்கு மார்க்கர் மை நிற்குமா? தேதியும் போயிற்று, பேரும் போயிற்று. வெறும் குப்பியை அவர் கையில் கொடுத்தாள்.

சக்கரபாணி அதை ஆட்டிப் பார்த்தார், சிந்துஜாவைப் பார்த்துச் சிரித்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்டார். குண்டான், போர் தண்ணீர், புளி என்று அவள் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். "பிரமாதம்மா! கட்டுரையில திருத்தம் போடணும். இவுங்க பேரையும் சேருங்க, நன்றியில இல்ல, மேல."

"கண்டிப்பா சார்" என்றாள் பிரிசில்லா.

எத்தனை வருடத்து ஆசை அது! அவர் போனதும் சிந்துஜா சந்தோஷம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். வரவில்லை.

"ஒம்பது நாளு" என்றாள் பிரிசில்லா.

"ம்."

"ஏன்டி?"

"பொறாமைடி" என்றாள் சிந்துஜா. வேறு வார்த்தை தேடிப் பார்க்கவில்லை.

பிரிசில்லா செருகிய சேலையை இறக்கிவிட்டாள். "எனக்கு ஆறல. மருவாதியா சொல்லிடறேன். கமிட்டி வந்துட்டுப் போவட்டும், அப்புறம் வச்சுக்கறேன் உன்ன. இப்பப் போயி மூணு மடங்கு போட்டு ஊற வையி, ரெண்டே நாள்தான் இருக்கு." கதவுவரை போனவள் நின்றாள். "இந்த ஒம்பது நாளும் ஒழுங்கா சோறு எறங்குச்சா உனக்கு?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

சிந்துஜா குண்டானைத் தரையிலிருந்து எடுத்தாள். காரைப் பார்த்து எரிந்தபோதெல்லாம், பட்டத்தைப் பார்த்து எரிந்தபோதெல்லாம், அவளிடம் ஒரு சமாதானம் இருந்தது. என்னையும் படிக்க வைத்திருந்தால் எனக்கும் கிடைத்திருக்கும் என்பாள். அது உண்மையும்தான். ஆனால் அந்தக் குப்பி இடம் மாறி, சிந்துஜா கையில் பிரிசில்லா பேர் போட்டு இருந்திருந்தால், பஞ்சை எடுத்திருப்பாளா? மாட்டாள். தேதி தெரிகிறமாதிரி திருப்பித்தான் கொடுத்திருப்பாள். இதற்கு அம்மாவைக் குறை சொல்ல முடியாது, கல்யாணத்தைக் குறை சொல்ல முடியாது. அந்த மனசும் பிரிசில்லாவுக்கே போயிருக்கிறதே, பாவி!

வயிறு எரிந்தது. முன்னைவிட ஜாஸ்தியாகவே எரிந்தது. சிந்துஜா குண்டானை இரண்டு முறை அலசி, தராசை முன்னால் இழுத்துக்கொண்டு, கால்சியத்தை அளக்க ஆரம்பித்தாள்.